அப்பாவுக்குப் பதிலாகப் போட்ட கையெழுத்து

ஜனவரி 9

அண்ணாவுக்கு,

தங்கை எழுதுகிறேன். நீ, அண்ணி, சின்னவள் மூவரும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நான் இருக்கிறேன். அப்பா இருக்கிறார். அதற்கு மேல் அவரைப் பற்றி நல்ல வார்த்தை எழுத ஒன்றும் இல்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ பேசுவாய், நான் "சரிண்ணா, சரிண்ணா" என்று சொல்லி வைத்துவிடுவேன். வைத்த பிறகுதான் நான் சொல்ல வேண்டியது எனக்கு ஞாபகம் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் முக்கியமானதை இனி எழுதித்தான் அனுப்புவேன். நீயும் எழுது. என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

அப்பா தலைக்குள் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். நன்றாகத்தான் எடுத்தோம் என்கிறார் பெரிய டாக்டர். ஆனால் அப்பா கண் திறக்கவில்லை. மூக்கில் குழாய். கையைப் பிடித்தால் சூடாக இருக்கிறது, விட்டால் விட்ட இடத்தில் கிடக்கிறது. பேசிக்கொண்டே இருங்கள், காதில் விழும் என்று ஒரு நர்ஸ் சொன்னாள். நான் என்னத்தைப் பேச? இன்று பட்டறைக்கு யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று சொல்கிறேன். பக்கத்துக் கட்டில்காரர் நன்றாகக் கேட்கிறார்.

ஆபரேஷனுக்கு முன்னால் அப்பா என் பெயருக்குப் பவர் எழுதிக் கொடுத்தது உனக்குத் தெரியும். எப்படி எழுதினார் என்பது தெரியாது. அப்பா செய்யக்கூடியது எல்லாவற்றையும் நான் செய்யலாம், பாங்கில் எடுக்கலாம், வாடகைக்கு விடலாம், விற்கலாம், அடமானம் வைக்கலாம் என்று பத்திரம் எழுதுகிறவர் மூச்சு விடாமல் படித்துக்கொண்டே போனார். கரண்ட் பில் கட்டவும் பட்டறையில் கட்டையனுக்குச் சம்பளம் கொடுக்கவும் விற்கிறது எதற்கு என்று கேட்டேன். அப்பா சிரித்தார். "எழுதிக்கட்டும்மா. எழுதினா வித்துடவா போறே?" என்றார்.

பட்டறையைக் கட்டையன் திறந்து வைத்திருக்கிறான். பல் டாக்டர் வீட்டு கேட் பாதியில் நிற்கிறது. சட்டமும் கம்பியும் அப்பா வெல்டு வைத்தது. மீதியை நான் முடிக்கட்டுமா என்று கட்டையன் கேட்டான். முதலாளி வந்து முடிப்பார் என்றேன். அவன் அதைச் சுவரோரம் சாய்த்து வைத்தான்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை

—

பிப்ரவரி 2

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். அப்பா நலம்பெற தினமும் நினைத்துக்கொள்கிறோம். கம்பெனியில் வருடக் கடைசிக் கணக்கு நடக்கிறது. லீவ் என்ற சொல்லைக் கேட்டாலே மேலாளர் முகம் மாறுகிறது. இல்லையென்றால் இந்நேரம் அங்கே வந்திருப்பேன் என்பதை நீ அறிவாய்.

ஒரு விஷயம். பட்டறைக்குப் பக்கத்து டைல்ஸ் கடைக்காரர் எனக்குப் போன் செய்தார். அந்த இடத்தைக் குடோனுக்குக் கேட்கிறார். நியாயமான விலை சொல்கிறார். அப்பா இனி வெல்டிங் கம்பியைப் பிடிக்கப் போவதில்லை. இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உணர்ச்சிவசப்படாமல் யோசித்துப் பார்.

உன் தைரியத்தை நினைத்துப் பெருமைப்படுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்

—

பிப்ரவரி 16

அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நீங்கள் நலம் என்று படித்து நிம்மதி. நான் நேற்று முழுவதும் நின்றதில் கால் வீங்கியிருக்கிறது, வேறு குறை இல்லை. அப்பாவிடம் மாற்றம் இல்லை.

டைல்ஸ் கடைக்காரர் உனக்குப் போன் செய்த மறுநாளே பழப் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். சாப்பிட முடியாதவருக்கு எதற்குப் பழம் என்று நான் கேட்கவில்லை. கட்டில் பக்கத்தில் நின்று அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விரிசல் விட்ட டைல்ஸைக் கழித்துக் கட்டலாமா, பாதி விலைக்குத் தள்ளலாமா என்று பார்ப்பாரே, அதே பார்வை. பழத்தைப் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்துவிட்டேன். தினமும் என் பேச்சைக் கேட்கிற மனிதர்.

நான் விற்க மாட்டேன். என் வீட்டுக்காரர், உன் மாப்பிள்ளை, செத்து நான் இங்கே வந்து சேர்ந்தபோது எப்படிக் கிடந்தேன் என்று நீ பார்க்கவில்லை. மூன்றாம் நாள் வந்து ஐந்தாம் நாள் போய்விட்டாய். அப்பாதான் ஒரு நாள் என் கையில் பிரஷைத் திணித்தார். "உக்காந்து அழுவுறதுக்கு நின்னு அழு. இந்தக் கேட்டுக்கு ரெட் ஆக்சைடு அடி" என்றார். துரு ஏறாமல் இருக்க முதலில் அடிக்கிற அந்தச் செம்மண் நிறப் பெயிண்டை அன்றிலிருந்து எல்லா கேட்டுக்கும் நான்தான் அடித்தேன். அதன் மேல் கறுப்பு அடித்த பிறகு என் வேலை யார் கண்ணுக்கும் தெரியாது. எனக்கு அது போதுமாக இருந்தது. அந்த இடத்தை விற்றால் அப்பாவுக்கு மட்டும் போகாது, எனக்கும் போகும்.

ஆனால் இதையும் எழுத வேண்டும். பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எழுந்துவிடுவார் என்று நம்பிக்கொண்டு எதையும் நிறுத்தி வைக்காதீர்கள் என்றார். ஆஸ்பத்திரி பாக்கி ஏறிக்கொண்டு போகிறது. உன்னால் முடிந்ததை அனுப்பு. அனுப்பினால் விற்கிற பேச்சுக்கே இடம் இல்லை.

தங்கை

—

மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீயும் உடம்பைக் கவனித்துக்கொள், வீங்கிய காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

இங்கே புது வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டேன், கை இறுக்கமாக இருக்கிறது. இருந்தால் உனக்குச் சொல்லிக்கொண்டா இருப்பேன்?

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள். உன் கையில் இருக்கும் பவர் அப்பா உயிரோடு இருக்கும்வரைதான் செல்லும். அவர் போய்விட்டால் அந்தக் காகிதமும் போய்விடும். பிறகு வாரிசுச் சான்று, நான் நேரில் வருவது, ஆபீஸ் ஆபீஸாக அலைவது என்று எல்லாம் இழுத்துக்கொண்டு போகும். அதற்குள் டைல்ஸ் கடைக்காரர் வேறு இடம் பார்த்துவிடுவார். இதைக் கடினமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. இருக்கும்போதே முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஆஸ்பத்திரி பாக்கி போக மிச்சத்தை என் கணக்குக்கு அனுப்பிவிடு. தனியாக இருக்கும் பெண்ணிடம் பணம் இருப்பது தெரிந்தால் நாலு பேர் வருவார்கள்.

யாராவது ஏன் விற்றாய் என்று கேட்டால் அண்ணன் சொன்னான் என்று சொல். பொறுப்பு என்னுடையது.

அன்புடன்,
அண்ணன்

—

மார்ச் 27

அண்ணாவுக்கு,

எல்லோரும் நலமா? அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். முன் அறையில் கட்டில் போட்டிருக்கிறது. குழாய் வழியாகப் பால் ஊற்றக் கற்றுக்கொண்டேன்.

நீ சொன்னபடி முடித்துவிட்டேன்.

பத்திர ஆபீஸில் ஒரு அம்மாள் என்னைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்டார். மகள் என்றேன். அது இல்லை, இந்தப் பத்திரத்தில் நீங்கள் யார் என்றார். எனக்கு விளங்கவில்லை. டைல்ஸ் கடைக்காரர் என் காதருகே குனிந்து, "அவருக்குப் பதிலான்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். அப்பா உயிரோடு இருக்கிறார்தானே என்று அடுத்ததாகக் கேட்டார்கள். அதற்கு மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

எனக்குக் கையெழுத்து பழகியதே ஆஸ்பத்திரிக் காகிதங்களில்தான். முதலில் உன் மாப்பிள்ளைக்கு, பிறகு அப்பாவுக்கு. இங்கே பேனா இரண்டு தடவை நின்றது. மை இல்லை என்று நினைத்து அந்த அம்மாள் வேறு பேனா கொடுத்தார்.

இடத்தைக் காலி செய்து தரச் சொன்னார்கள். பழைய இரும்புக்காரன் வந்தான். வெல்டிங் மிஷினைக் கட்டையனே எடுத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டேன். பல் டாக்டர் வீட்டு கேட்டை எடை போட்டு வண்டியில் ஏற்றினார்கள். அப்போது கட்டையன் தெருப்பக்கம் திரும்பி நின்று சிகரெட் பற்ற வைத்தான். அவன் சிகரெட் குடிக்கிறவன் இல்லை. ஒரே இருமல்.

பல் டாக்டர் கொடுத்திருந்த முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மிச்சம் உன் கணக்குக்கு வந்திருக்கும். வந்தது என்று ஒரு வரி எழுது.

தங்கை

—

மே 4

அண்ணாவுக்கு,

வந்தது என்ற ஒரு வரி இன்னும் வரவில்லை. அது கிடக்கட்டும். உட்கார்ந்துகொண்டு இதைப் படி.

அப்பா பேசுகிறார்.

முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். "மூக்குல என்னடி இது" என்றார். தெளிவாக, கோபமாக. நான் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டுத் தெருவரைக்கும் ஓடிவிட்டேன், யாரைக் கூப்பிட ஓடினேன் என்று எனக்கே தெரியவில்லை. டாக்டர் வந்து பார்த்து, இப்படியும் சில பேருக்கு நடப்பது உண்டு என்றார். குழாயை எடுத்தாயிற்று. இப்போது தலையணை வைத்து உட்காருகிறார். பார்வை மட்டும் சரியாக வரவில்லை. உருவம் தெரிகிறது, முகம் தெரியவில்லை, எழுத்து சுத்தமாகத் தெரியவில்லை. இது இப்படியேதான் இருக்குமாம்.

என் சந்தோஷத்தை எழுத எனக்கு எழுத்து போதாது. அது அரை நாள் இருந்தது.

அரை நாள் கழித்து அப்பா கேட்டார். "பல் டாக்டர் வீட்டு கேட் என்னாச்சு? பாவம், தகரத்த வச்சு மறச்சிக்கிட்டு இருந்தாரே." பட்டறையைக் கேட்கவில்லை, மிஷினைக் கேட்கவில்லை. வாக்குக் கொடுத்த கேட்டைத்தான் கேட்டார். "மாட்டியாச்சுப்பா" என்று சொல்லிவிட்டேன். "யாரு முடிச்சா?" என்றார். கட்டையன் என்றேன். "பரவால்லயே" என்று சிரித்தார். அவருக்கு என் முகம் தெரியாதது அன்றைக்கு எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதை எழுதவே கூசுகிறது.

அண்ணா, பொறுப்பு என்னுடையது என்று எழுதினாய். வந்து சொல். நீ சொன்னால் அவர் கேட்பார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம், வேறு வழி தெரியவில்லை என்று நீ பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் திட்டுவார், அழுவார், ஆறுவார். நான் தனியாகச் சொன்னால் ஆற மாட்டார்.

தங்கை

—

மே 20

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்து நானும் உன் அண்ணியும் கண் கலங்கிவிட்டோம். இது உன் சேவைக்குக் கிடைத்த பலன்.

இப்போதைக்கு எதுவும் சொல்லாதே. தலையில் கத்தி வைத்த மனிதர், ரத்த அழுத்தம் ஏறினால் என்ன ஆகும்? ஜூன் கடைசியில் வருகிறேன். நானே பக்குவமாகச் சொல்கிறேன். அதுவரை சமாளி, நீ சமாளிப்பாய்.

பணம் வந்தது. புது வீட்டுக்கு ஒரு தவணை நெருக்கியதால் அதில் போட்டிருக்கிறேன், பத்திரமாகத்தான் இருக்கிறது. அதைப் பற்றி அப்பாவிடம் பேச வேண்டியது இல்லை.

அன்புடன்,
அண்ணன்

—

ஜூலை 18

அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டாயிற்று.

ஜூன் வந்தது, போனது. நீ வரவில்லை. சின்னவளுக்குப் பள்ளிக்கூடம் என்று அண்ணி போனில் சொன்னாள். உன்னிடம் கொடு என்றேன், குளிக்கிறார் என்றாள். மறுநாளும் அதே நேரத்துக்குக் கூப்பிட்டேன், அப்போதும் குளித்துக்கொண்டிருந்தாய்.

அப்பா கோல் ஊன்றி வாசல்வரை நடக்கிறார். பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போ என்று தினமும் கேட்கிறார். கட்டையனுக்கு முதுகு வலி, பூட்டியிருக்கிறது என்றேன். பிறகு தெருவில் குழி வெட்டியிருக்கிறார்கள், ஆட்டோ போகாது என்றேன். போன வாரம் சாவியைக் காணோம் என்றேன். "நீ வேலைக்காரி மாதிரி பொய் சொல்ற, மகள் மாதிரி சொல்லு" என்று கேலி செய்தார். கேலிதான். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன்.

கடைசியில், பட்டறை வேண்டாம், பல் டாக்டர் வீட்டு கேட்டையாவது தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பிடிவாதம். வேறு வழி இல்லாமல் கட்டையனிடம் போய் நின்றேன். இப்போது ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் தனியாக வேலை செய்கிறான். "அக்கா, முதலாளி போட்ட அளவு எனக்குத் தூக்கத்துலயும் தெரியும்" என்றான். அதே மாதிரி கேட் செய்கிறான். காசு வேண்டாம், இரும்புக்கு மட்டும் கொடுங்கள் என்றான். என் வளையல் போயிற்று. பல் டாக்டரிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். அவர் இன்னும் தகரத்தோடுதான் இருக்கிறார், மாட்டிக்கொள்ளுங்கள் என்றார். "எத்தன பேர் வாய்ல பொய்ப் பல்லு வச்சிருக்கேன், ஒரு கேட்டுக்குப் பொய் சொல்றதா பெரிசு?" என்று கேட்டார். இந்த வருடத்தில் நான் சிரித்தது அப்போதுதான்.

ஆனால் எத்தனை நாளைக்கு? நீ வர முடியாவிட்டால் அப்பாவுக்கு ஒரு கடிதம் போடு. நான்தான் விற்கச் சொன்னேன் என்று ஒரு வரி. நான் படித்துக் காட்டுகிறேன். அவர் திட்டுவதை நான் வாங்கிக்கொள்கிறேன், நீ அங்கே இருந்துகொள். அந்த ஒரு வரி போதும்.

தங்கை

—

ஆகஸ்ட் 22

அண்ணாவுக்கு,

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய்.

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

கேட் மாட்டிய பிறகு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். கட்டையன் குளித்து, சட்டை மாற்றி, மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றான். பல் டாக்டர், கதவு காற்றடித்தால்கூடச் சத்தம் போடுவதில்லை என்றெல்லாம் புகழ்ந்தார். அப்பா கோலை என்னிடம் கொடுத்துவிட்டுத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார். முகம் மலர்ந்துதான் இருந்தது. பிறகு கட்டை விரலால் தடவிக்கொண்டே போனார். சட்டம், கம்பி, மூலை. கீல் பக்கம் வந்ததும் விரல் நின்றது. திரும்பத் தடவினார்.

"கீல் வெல்ட தேச்சது யாரு?" என்றார்.

கட்டையன்தான். முதலாளி தொட்டுப் பார்க்கப் போகிறார் என்று மிஷின் வைத்து எல்லா இடத்தையும் வழுவழு என்று தேய்த்திருக்கிறான், பாவி. ஆசையில் செய்தது. அப்பா கீல் பக்கம் ஒருநாளும் தேய்க்க மாட்டார், தேய்த்தால் பலம் போய்விடும், முண்டும் முடிச்சுமாக அப்படியே விடுவார் என்பது அவனுக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாதா? அந்த முண்டு மேல் எத்தனை தடவை பெயிண்ட் அடித்திருக்கிறேன். அழகாக இருக்கட்டும் என்ற நினைப்பில் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அப்பா சட்டத்தையும் திரும்பத் தடவினார். "இதுல ஒரு இடத்துலயும் என் கை இல்ல. நான் வச்ச சட்டம் எங்க?" என்றார். "பட்டறைக்குப் போ" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னார்.

பட்டறை வாசலில் பழைய பூட்டு இருக்கிற இடத்தைக் கை தேடியது. அது இல்லை. உள்ளே டைல்ஸ் பெட்டிகள் கூரைவரை. சிமெண்ட் வாசனை. டைல்ஸ் கடைக்காரர் ஓடி வந்து, "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று நாற்காலி போட்டார். அப்பா உட்காரவில்லை. யார் விற்றது என்று கேட்டார். "உங்க பொண்ணுதாங்க. பவர் இருக்குல்ல, எல்லாம் முறைப்படிதான்" என்றார் அந்த மனிதர். முறைப்படிதான்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான், "நான் செத்துட்டேன்னு முடிவு பண்ணிட்டியா?" என்றார்.

"டாக்டர் சொன்னாருப்பா."

"டாக்டருக்கு நான் பத்தோட பதினொண்ணு. உனக்கு?"

காலைப் பிடித்தேன். காலை இழுத்துக்கொண்டார். "உங்கண்ணனுக்குத் தெரியுமா இது?" என்றார்.

அண்ணா, உன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. நான் சொல்லவில்லை. "அண்ணன் எழுதும்ப்பா" என்று மட்டும் சொன்னேன். நீயே சொல்ல வேண்டியதை உனக்காக விட்டு வைத்திருக்கிறேன். அவர் இப்போது என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தால் தடவி எடுத்துக் குடிக்கிறார். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எழுது.

தங்கை

—

செப்டம்பர் 6

பாசமுள்ள அப்பாவுக்கு,

வணக்கம். தாங்கள் குணமாகி நடமாடுவது அறிந்து நாங்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. தங்கை இதைப் படித்துக் காட்டுவாள் என்று நம்புகிறேன்.

பட்டறை விஷயம் கேட்டு நானும் மனம் வருந்துகிறேன். முழு விவரமும் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. நான் பக்கத்தில் இருந்திருந்தால் கதை வேறு. அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அதிகம் படிக்காதவள், தனியாக இருந்தவள், பயந்திருப்பாள். யாரோ சொன்னதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பாள். நல்லவேளையாக ஆஸ்பத்திரிச் செலவு போக மீதி என்னிடம் வந்து சேர்ந்தது, அது பத்திரமாக இருக்கிறது.

வீட்டு விஷயத்திலாவது இனி கவனமாக இருக்க வேண்டும். தங்கள் உடல்நலமே எங்களுக்கு முக்கியம்.

தங்கள் அன்பு மகன்

—

செப்டம்பர் 19

அண்ணாவுக்கு,

அப்பாவின் கடிதம் இதோடு இருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல எழுதியது. ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை.

உன் கடிதத்தை அவருக்கு நான்தான் படித்துக் காட்டினேன். வேறு யார் இருக்கிறார்கள்? "யாரோ சொன்னதைக் கேட்டு" என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். "யாராம்?" என்று அப்பா கேட்டார். "எழுதலப்பா" என்றேன். மேலே படி என்றார். படித்தேன்.

கட்டையன் அப்பாவைப் பார்க்க வந்திருந்தான். விஷயம் தெரிந்து, நீ எனக்கு எழுதிய பழைய கடிதங்களை எடுத்துக் கொடுக்கச் சொன்னான். "நீங்க படிச்சா நீங்களா இட்டுக்கட்டிப் படிக்கிறீங்கன்னு நினைப்பாரு. குடுங்கக்கா, நான் படிக்கிறேன்" என்றான். எடுக்கக் கையும் போனது. எடுக்கவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரிய வேண்டும். உன் கடிதத்தைக் கேட்ட அன்றைக்கு அப்பா பல நாளுக்குப் பிறகு தட்டில் வைத்ததை முழுதாகச் சாப்பிட்டார். "அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா விட்டிருப்பானா?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அந்த ஒரு நினைப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார். பட்டறையை விற்றவள் நான். மகனையும் பிடுங்க வேண்டாம் என்று விட்டேன். இதை உனக்குச் செய்த உபகாரம் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்காதே. உனக்காகச் செய்யவில்லை.

உன் மாப்பிள்ளைக்காக அழுதபோது அவர் செத்திருந்தார், அழுது தீர்த்தேன். அப்பா அடுத்த அறையில் இருமுகிறார், எழுந்து நடக்கிறார், ரேடியோ கேட்கிறார். நான் சமையலறையில் உட்கார்ந்து அவருக்காக அழுகிறேன். இதற்கு முடிவு எங்கே என்று தெரியவில்லை.

புதுப் பவருக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் நீ நேரில் வர வேண்டுமாம். பத்திரம் எழுதுகிறவர் சொன்னார். இந்தத் தடவை லீவ் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

நான் உனக்கு எழுதுவது இதோடு சரி.

தங்கை

—

மகனுக்கு,

அப்பா சொல்றது. நீயும் மருமகளும் பேத்தியும் நல்லா இருக்கணும். எனக்கு உடம்பு தேவல. கண்ணு ஒத்துழைக்கல, கால் கொஞ்சம் இழுக்குது. மத்தபடி சாப்பாடு இறங்குது.

உன் கடுதாசியக் கேட்டேன். இவ முணுமுணுன்னு படிச்சா, உரக்கப் படின்னு சொல்லி இன்னொரு தடவயும் கேட்டேன். தூரத்துல இருக்கற உனக்கு என் கஷ்டம் தெரியுது. பக்கத்துல இருந்தவளுக்குத் தெரியல.

கோவிச்சுக்காதீங்கன்னு எழுதியிருக்கே. அது உன் நல்ல மனசு. நான் கோவிக்கல. கோவப்படறதுன்னா மனசுல அந்த ஆளுக்கு ஒரு இடம் இருக்கணும்.

பட்டறை போச்சு. அது வெறும் இடம் இல்ல, உனக்குத் தெரியும். அந்தப் பல் டாக்டர் முன்னாடி என்னக் குருடன்னு நினச்சு ஒரு கேட்டக் காட்டினாங்க பாரு, அதுதான் எனக்கு ஆறல. செத்திருந்தா அந்த அவமானம் இல்ல.

இவ பேர்ல இருந்த பவர ரத்து பண்ணிட்டேன். வீட்டுக்குப் புதுப் பவர உன் பேர்ல எழுதறேன். எனக்கப்பறமும் வீடு உனக்குத்தான், அதையும் எழுதிடலாம். சீக்கிரம் வா. நான் போன பின்னால இவள வச்சுக்கறதா வேணாமாங்கறது உன் இஷ்டம். நீ தெருவுல விட மாட்டே. உன் குணம் எனக்குத் தெரியும்.

பட்டறைப் பணத்த நீ பத்திரமா வச்சிருக்கறதக் கேட்டு நிம்மதி. உன் வீட்டுக்கு ஏதாவது ஆவுறதுன்னா அதுலேர்ந்து எடுத்துக்க, கேக்க வேண்டாம்.

இத எழுதச் சொல்லி இவள உக்கார வச்சிருக்கேன். நடுநடுவுல பேனா நிக்கற சத்தம் கேக்குது. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கறா. ஒண்ணுமில்லன்னு சொன்னதையும் எழுதுன்னு சொன்னேன்.

மத்தது நேர்ல.

இப்படிக்கு அப்பா.

எழுதினது உன் தங்கச்சி. தப்பு இருந்தா அது அவளோடது.